என் முதுகும் பார்வதியின் இடது காலும்

1969ஆம் ஆண்டு நவம்பர் 17, திங்கட்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். விடியற்காலையிலிருந்து ஓயாத தூறல். தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்ட முடியாமல் நெசவாளர்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார்கள். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், வரைபலகையிலிருந்து உருண்டு பெஞ்சுக்கு அடியில் போன பென்சிலை எடுக்க நான் குனிந்தேன்.

பென்சில் கைக்கு எட்டவில்லை. இடுப்பில் ஏதோ ஒன்று கொக்கி போட்டு இழுத்ததுபோல் இருந்தது. குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன்.

உள்ளே இருந்து என் தங்கை பார்வதி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, தரையில எதைத் தேடிக்கினு இருக்க?"

"தேடல. மாட்டிக்கினேன்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு, யாரிடம் போவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்ல. பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவன். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நான் நிரப்பிக் கொடுப்பதைப் பார்த்துத்தான் அட்டையில் துளை போடுவார்கள். அட்டை சொல்கிறபடி தறியில் அன்னமும் யாளியும் எழும். ஒரு கட்டம் தவறினால் யாளிக்குக் கண் கோணிப்போகும். ஆகவே எதையும் எண்ணிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அப்போது எனக்கு வயது அறுபத்திரண்டு. நாற்பத்தொரு வருடம் அந்தப் பலகை மேல் கவிழ்ந்திருந்தவன். மனைவி காலமானபின் எனக்குச் சோறு போடுவது பார்வதிதான். அவளும் கணவனை இழந்தவள். அவளுடைய இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஆவடிப் பக்கம் வேலையில் இருந்தார்கள்.

அந்த இரட்டைப் பிள்ளைகளால் அவளுக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. இரட்டை பெற்றவளின் இடது கால் பட்டால் சுளுக்கு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஞாயிறும் செவ்வாயும் காலையில் எங்கள் வீட்டு நடையில் யாராவது பாய் விரித்துக் குப்புறப் படுத்திருப்பார்கள். குழித்தறியில் உட்கார்ந்து இடுப்பு பிடித்தவர்கள், தண்ணீர்க் குடம் தூக்கிக் கழுத்து திரும்பாதவர்கள். பார்வதி பெருவிரலால் மூன்று முறை தொட்டு, குதிகாலால் லேசாக ஒரு தடவு தடவுவாள். மிதிப்பது என்பது பேருக்குத்தான். எடையே வைக்க மாட்டாள்.

நான் அதைக் 'கால் ஆஸ்பத்திரி' என்று கேலி செய்வேன். "நீ உன் கட்டத்தை எண்ணு. என் விரலை எண்ணாதே" என்பாள்.

தெருமுனை டாக்டர் மாத்திரை கொடுத்து, மூன்று வாரம் மரப்பலகையில் அசையாமல் படுக்கச் சொன்னார். வலி இடுப்பிலிருந்து வலது தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்கியிருந்தது. தை மாத முகூர்த்தப் புடவை ஒன்றின் முந்தானை பாதியில் நின்றது. படுத்தபடி உத்தரத்துக் கட்டைகளை எண்ணினேன். எண்ண வேறு எதுவும் இல்லாமல் போனபோது ஒரு பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டினேன். வினை அதில் இருந்தது.

அதில் 'கைரோபிராக்டிக்' (மருந்தும் கத்தியும் இல்லாமல், முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சீராக்கும் மேல்நாட்டு வைத்திய முறை) பற்றி ஒரு கட்டுரை. இடம் பெயர்ந்த எலும்பை வைத்தியர் ஓர் அழுத்து அழுத்துகிறார். 'டக்' என்று ஓசை கேட்கிறது. நோயாளி எழுந்து நடக்கிறார். இடுப்பு வலி மட்டுமல்ல, ஆஸ்துமா, நீரிழிவு, தூக்கமின்மை எல்லாமே முதுகெலும்பு நேரானால் விலகும் என்றும் எழுதியிருந்தது. அப்படிச் செய்கிறவர் ஒருவர் மதராஸில் இருப்பதாக விலாசமும் போட்டிருந்தார்கள். பக்கத்தில் முதுகெலும்பின் படம். அந்தப் படத்தில் நெஞ்சுப் பகுதியில் ஓர் எலும்பு குறைவு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மதராஸ் போகிற நிலையில் நான் இல்லை. ஆனால் அழுத்துவதற்கு ஒரு கால் வீட்டிலேயே இருந்தது.

"பார்வதி, எனக்கும் கொஞ்சம் மிதிச்சு விடேன்."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஆஸ்பத்திரி ஐயா இப்பத்தான் கண்ணைத் திறந்தாரா?" என்றாள். ஆனாலும் உடனே ஈரக் காலைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போல் தொட்டாள்.

"இது போதாது. ஏறி நில்லு."

"நான் இன்னா கோழிக்குஞ்சா, உன் மேல ஏறி நிக்க?"

"புத்தகத்துல போட்டிருக்குது. அழுத்தினாத்தான் எலும்பு உட்காரும்."

"அப்ப உன் புத்தகத்தை வந்து மிதிக்கச் சொல்லு."

கெஞ்சினேன். முகூர்த்தப் புடவையைச் சொன்னேன். கடைசியில் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் முழு எடையையும் இடது காலில் வைத்து என் இடுப்பில் ஏறி நின்றாள்.

'டக்' என்று கேட்டது. அவளுக்கும் கேட்டது. "உட்கார்ந்துடுச்சு!" என்று நான் கத்தினேன். வலி நின்றே போயிருந்தது. இருவரும் சிரித்தோம்.

அன்று சாயங்காலம் கொல்லைக்குப் போய்த் திரும்பினேன். பின்னாலேயே வந்த பார்வதி, "ண்ணா, ஒரு செருப்பு அங்கயே இருக்குது" என்றாள். வலது கால் செருப்பு வழியில் கழன்றிருக்கிறது. பத்தடி தூரம் வெறுங்காலில் ஈர மண்ணில் நடந்திருக்கிறேன். எனக்கு அது தெரியவில்லை.

மறுநாள் நடக்கும்போது பாதம் தரையில் தட்டி இழுத்தது. வலி இல்லை. வலி இல்லாததை நான் குணம் என்று நினைத்தேன். எலும்பு கொஞ்சம் கூடுதலாக உள்ளே போய்விட்டது, விலாசத்தில் உள்ளவர் ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடும் என்று பார்வதிக்கே விளக்கம் சொன்னேன்.

வாடகைக் கார் வைத்து, பின் சீட்டில் பார்வதி மடியில் தலை வைத்துப் படுத்து, வாலாஜாபாத் வழியாக மதராஸ் போனோம். முன் சீட்டில் எதிர்வீட்டு நெசவாளி கன்னியப்பன் துணைக்கு வந்தான். பார்வதியின் காலுக்குப் பழைய வாடிக்கைக்காரன். வழியெல்லாம் "அக்கா கால் ராசியான கால்பா, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே வந்தான். பார்வதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வைத்தியரின் பேர் தேவராஜ். ஐம்பது வயதிருக்கும். வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். வாசலில் பெரிய போர்டு: 'முதுகெலும்பு நேரானால் சகல நோயும் தீரும்.' உள்ளே முகம் வைக்கக் குழி விட்ட ஓர் உயரமான மேசை.

என்னைக் குப்புறப் படுக்க வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கட்டைவிரல்களும் என் பிடரியில் தொடங்கி மெல்ல இறங்கின. "கழுத்து ஏழு... நெஞ்சு பன்னிரண்டு..." என்று முணுமுணுத்தார். எனக்குள் இத்தனை காலம் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அதை ஒருவர் விரலால் வாசிக்கிறார் என்ற வியப்பில் பயம்கூடச் சற்று மறந்தது.

"குனிஞ்சு எழுதற வேலையா? இடது கையை ஊனிக்கிட்டு, வலது பக்கமா சாய்ஞ்சு?"

நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நாற்பத்தொரு வருட உத்தியோகத்தை என் எலும்புகள் சொல்லிவிட்டன.

"இடுப்பு ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." விரல் நின்றது. அவர் கண்ணைத் திறந்திருக்க வேண்டும், குரல் மாறியது. மல்லாக்கப் படுக்கச் சொன்னார். ஊசியால் பாதத்தைத் தொட்டார். சின்னச் சுத்தியால் கணுக்காலின் பின்பக்கம் தட்டினார்.

"வலது பெருவிரலை மேல தூக்குங்க."

"தூக்கிட்டேன்."

"தூக்கல. பாருங்க."

தலையை உயர்த்திப் பார்த்தேன். விரல் அப்படியே கிடந்தது. நான் தூக்கிக்கொண்டிருந்தேன், அதற்குச் சேதி போகவில்லை.

"காலையிலேருந்து ஒண்ணுக்குப் போனீங்களா?"

தங்கை எதிரில் இதைக் கேட்கிறாரே என்று கூசியது. "முழுசா வரல" என்றேன்.

அவர் இரண்டு கைகளையும் என் உடம்பிலிருந்து எடுத்துவிட்டார். "இனிமே உங்க முதுகுல என் கை படக்கூடாது. யார் கையும் படக்கூடாது. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். இன்னிக்கு, நாளைக்கு இல்ல."

கன்னியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சகல நோயும்னு போர்டுல போட்டுக்கினு, இவ்ளோ தூரம் வந்தவரைத் தொட மாட்டேன்றியே சார்?"

"அந்த போர்டை நான் எழுதினப்ப எனக்கு வயசு இருபத்தெட்டுப்பா" என்றார் தேவராஜ். காத்திருந்த நோயாளிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு எங்கள் காரிலேயே ஏறி வந்தார். அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரிடம் நாலு வாக்கியத்தில் ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார். அதன்பிறகு என்னை யாரும் உட்காரவே விடவில்லை.

மைலோகிராம் (முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள நீரில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்தார்கள். சர்ஜன் அதை விளக்கொளியில் பிடித்துக் காட்டினார். இரண்டு எலும்புக் கட்டைகளுக்கு நடுவில் மெத்தை போல ஒரு தட்டு இருக்கிறது. அதைத்தான் டிஸ்க் என்கிறார்கள். என்னுடைய நாலாவது இடுப்பெலும்புக்குக் கீழே இருந்த தட்டு கிழிந்து, உள்ளிருந்த கூழ் பிதுங்கி, காலுக்கும் மூத்திரப் பைக்கும் போகிற நரம்புகளை நசுக்கிக்கொண்டிருந்தது. பொழுது விடிவதற்குள் அறுத்து எடுக்க வேண்டும், தாமதித்தால் இரண்டும் திரும்பாமலே போகலாம் என்றார்.

பார்வதி முன்னால் வந்தாள். "சார், நான் மிதிச்சேன். ஏறி நின்னேன். அதனாலயா?"

நான் "நான்தான் சொன்னேன் சார்" என்றேன். சர்ஜன் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"முன்னாடியே கிழிஞ்சிருக்கும்மா. நீங்க ஏறினது மிச்சத்தைத் தள்ளியிருக்கலாம். தும்மியிருந்தாக்கூட தள்ளியிருக்கும். எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய்."

ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலை என்று தோன்றியது. என்னைத் தள்ளுவண்டியில் கொண்டு போகும்போது பார்த்தேன். நடைபாதை பெஞ்சில், இரண்டு கால்களையும் புடவைக்குள் இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அறுவைக்கு மூன்றாம் நாள் ரப்பர் குழாயை எடுத்தார்கள். மதியத்துக்கு மேல் மூத்திரம் தானாக வந்தது. நர்ஸ் கண்ணாடிக் குப்பியில் அளந்து, "முந்நூற்று இருபது" என்று எழுதிக்கொண்டார். என் வாழ்நாளில் எத்தனையோ எண்கள் எழுதியிருக்கிறேன். அதைவிட அழகான எண் ஒன்றை நான் கண்டதில்லை.

பாதம் மட்டும் எழவில்லை. நரம்பு எப்போது திரும்பும் என்று கேட்டேன். "நசுங்கின நரம்பு மறுபடி வளரணும். சுமாரா ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். வரலாம், வராமலும் போகலாம்" என்றார் சர்ஜன்.

என் கிராஃப் தாளில் ஒரு சின்னக் கட்டம் ஒரு மில்லிமீட்டர். இடுப்பிலிருந்து பெருவிரல் நுனி வரை நாடாவால் அளந்தேன்: தொள்ளாயிரத்து அறுபது. இரண்டரை வருடத்துக்கு மேல். ஊருக்குத் திரும்பியதும் அத்தனை கட்டங்களுக்கும் கோடு போட்டுச் சுவரில் ஒட்டி, தினமும் ஒன்றைக் கறுப்பாக்கத் தொடங்கினேன். எனக்குள் ஏதோ ஒன்று, யாரும் ஏவாமல், இருட்டில், நாளுக்கு ஒரு கட்டம் வீதம் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு எனக்குச் சோற்றைவிடத் தேவைப்பட்டது.

பார்வதி கால் வைப்பதை நிறுத்திவிட்டாள். செவ்வாய்க்கிழமை வந்தவர்களை வாசலிலேயே திருப்பினாள். கன்னியப்பன் ஒரு நாள் நடையில் தானாகவே பாய் விரித்துப் படுத்துவிட்டான். "யக்கா, தறியில உட்கார முடியல. சும்மா ஒரு தடவை வெச்சுட்டுப் போ."

"எழுந்து போப்பா. டாக்டரைப் பாரு."

"அவரு கால் வெக்க மாட்டாரேக்கா!"

அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் அவள் நடக்கும் சத்தமே குறைந்துவிட்டது.

பாதம் தொங்காமலிருக்க ஆஸ்பத்திரியில் ஒரு கம்பிச் செருப்பு தந்திருந்தார்கள். அதைக் கழற்றிவிட்டுத் தினம் அரை மணி நடை பழக வேண்டும். பாதம் மடங்கி இரண்டு முறை விழுந்தேன். "பசங்களுக்கு நடை பழக்கின மாதிரி பழக்கலாம்" என்றாள் பார்வதி. எதிரெதிரே நின்று, தோளைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் பாதத்தைத் தன் பாதத்தின் மேல் வைத்துப் பின்னோக்கி நடப்பது. அவள் காலைத் தூக்கினால் என் காலும் தூக்கப்படும். சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். எதிரே நின்றால் என் வலது காலுக்கு நேராக வருவது அவளுடைய இடது கால்.

"அந்தக் கால் வேணாண்ணா."

"வைக்கப் போறது நான். தாங்கப் போறது நீ. வா."

அப்படித்தான் தினமும் கூடத்தில் நடந்தோம். மரக்கட்டை போன்ற என் பாதம் அவள் பாதத்தின் மேல். நடந்து முடித்ததும் அவள் புறங்காலைப் பார்ப்பேன், சிவந்திருக்கும். எனக்கு ஒன்றும் தெரியாது.

ஐந்தாவது மாதம், சர்ஜனின் அனுமதியோடு தேவராஜிடம் போனேன். இடுப்பின் பக்கம் அவர் போகவே இல்லை. இறுகிக் கிடந்த மேல் முதுகிலும் விலாவிலும் மட்டும் கை வைத்தார். நாலாவது தடவை சென்றபோது, மேசையில் படுத்தபடி மூச்சை இழுத்தேன். அது வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல் இன்னும் கீழே இறங்கியது. நான் பயந்து எழுந்துவிட்டேன்.

"கோடு போடும்போது மூச்சைப் பிடிச்சுக்குவீங்க, இல்லையா?" என்றார். ஆமாம். கோடு கோணாமலிருக்க, நாற்பத்தொரு வருடமாக.

அன்றிலிருந்து எனக்கு நல்ல தூக்கம் வருகிறது. கழுத்து இரண்டு பக்கமும் திரும்புகிறது. நெஞ்சு அகன்றதுபோல் இருக்கிறது. பல வருடமாக எனக்கிருக்கும் சர்க்கரை வியாதி மட்டும் குறையவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். 'சகல நோயும்' என்பது போர்டில்தான். தேர்ந்த கை முதுகெலும்புக்கு நல்லது செய்கிறது, அதனால் உடம்பின் மற்ற பாகங்களும் கொஞ்சம் சுகப்படுகின்றன. நான் கண்டது அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிய அதிசயம்.

பார்வதியையும் அவர் விடவில்லை. "நீங்களும் என் தொழில்தானேம்மா?" என்றார். அவள் தலை குனிந்தாள். "கால் மரத்துப் போச்சா, பாதம் தட்டுதா, ஒண்ணுக்கு அடைக்குதா, இந்த மூணையும் முதல்ல கேளுங்க. ஒண்ணு இருந்தாலும் ஆஸ்பத்திரி. இல்லைன்னா, எப்பவும்போல தொட்டுட்டு அனுப்புங்க. தொடறதுல தப்பில்ல."  ஆனாலும் வீட்டுக்கு வந்தபின் அவள் யாருக்கும் கால் வைக்கவில்லை.

1971 தை மாதம், பொங்கல் கழிந்து சில நாள். காலை வெயில் கூடத்தில் விழுந்திருந்தது. வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தோம். உள்ளங்காலில் ஏதோ உறுத்தியது. சின்னதாக ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் ஒரு மேடு.

"உன் ரெண்டாவது விரல்ல பள்ளமா இன்னா அது?"

அவள் நின்றுவிட்டாள். "மெட்டி போட்டிருந்த இடம். அதை நீ எப்பப் பார்த்த?"

"பார்க்கலயே."

பார்த்ததில்லை. அவள் மெட்டியைக் கழற்றிப் பதினாறு வருடம். அந்த வடு இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. என் பாதம்தான் சொன்னது.

அவள் நம்பவில்லை. என் கண்ணைக் கையால் பொத்தி, காலைக் கொஞ்சம் நகர்த்தினாள். "இப்ப?"

"இப்ப இல்ல."

மறுபடி நகர்த்தினாள். "இப்ப?"

"இப்ப இருக்குது."

என் கண் மேல் இருந்த கையை எடுத்தாள். "பெருவிரலைத் தூக்குண்ணா" என்றாள். தூக்கினேன். ஒரு நெல் உயரம் எழுந்தது. நாங்கள் இருவரும், சாமி புறப்பாட்டைப் பார்ப்பவர்கள்போல, அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கன்னியப்பன் வந்து படுத்தான். பார்வதி தலைமாட்டில் நின்று மூன்று கேள்விகளையும் கேட்டாள். மூன்றாவது கேள்விக்கு அவன், "இன்னாக்கா, சபையில கேட்டுக்கினு!" என்று நெளிந்தான். பதிலை வாங்கிக்கொண்டுதான் இடது காலை நீட்டினாள்.

"பட்ட மாதிரியே தெரியலயேக்கா?"

"தெரியற மாதிரி வேணும்னா எங்க அண்ணனைக் கேளு, இன்னா ஆவும்னு சொல்லுவாரு."

சுவரில் இருந்த தாளில் பாதிக் கட்டங்கள்கூடக் கறுக்கவில்லை. நரம்பு என் கணக்கைக் கேட்காமல் தன் கணக்கில் வந்து சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து நான் கட்டத்தைக் கறுப்பாக்கவில்லை. தாளைக் கிழிக்கவும் மனம் வரவில்லை. வெள்ளையாக இருக்கும் அந்தக் கட்டங்களைப் பார்க்கும்போது, காத்திருக்க வேண்டியிராமல் மிச்சமாகிக் கைக்கு வந்த நாட்கள் என்று தோன்றுகிறது. முதுகை முன்பெல்லாம் பின்னால் இருக்கும் ஒன்றாக நினைத்தேன். இப்போது நான் அதன் மேல் வைக்கப்பட்டவன் என்று தெரிகிறது. எழுந்திருக்கும்போதெல்லாம் ஒவ்வொரு எலும்பாக அது என்னைத் தூக்கித் தருகிறது.

சென்ற வாரம் தேவராஜ் சொல்லித்தந்தபடி, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, பெஞ்சுக்கு அடியில் கைவிட்டேன். பார்வதி பெருக்கும்போதெல்லாம் தொடாமல் விட்டுவைத்திருந்த அந்தப் பென்சில், தூசிக்குள் அப்படியே கிடந்தது. எடுத்துச் சீவினேன். நின்றுபோன முந்தானையை வேறொருவர் எப்போதோ முடித்துக் கொடுத்துவிட்டார். இது புதிய தாள்.

செலவையும் எழுதிவிடுகிறேன்: கார் வாடகை, எக்ஸ்ரே, மருந்து, இடுப்புப் பட்டை, கம்பிச் செருப்பு, மதராஸில் பார்வதி தங்கிச் சாப்பிட்டது, தேவராஜுக்குப் பிற்பாடு கொடுத்தது எல்லாம் சேர்த்து ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் நாற்பது காசு.